மடையன் நிலை

"கழட்டேலாமக் கிடக்கு, பாஸ்!"

இரும்புத் தொப்பிக்குள்ளிருந்து பஞ்சலிங்கத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல வந்தது. தொழிற்சாலைப் பட்டறையில் சுத்தியலும் கையுமாக நின்ற தகர வேலைக்காரர் இராமசாமி பாஸ் தொப்பியைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தார்.

"நான்தான் சொன்னேனேங்க கிளாக்கரய்யா, காயட்டும்னு. காயறதுக்குள்ள போட்டுக்கிட்டா எப்படிங்க?"

"அளவு பாக்கத்தானே போட்டனான்!"

"அளவு ரொம்பச் சரியா இருக்குங்க. அதுதான் வர மாட்டேங்குது."

வெளியே விளையாட்டு மைதானத்தில் சித்திரைப் புதுவருட விழாவின் தப்பு முழங்கத் தொடங்கிவிட்டது. வழுக்கு மரம் ஏறுபவர்களைப் பார்த்து ஆட்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். வழுக்கு மரம் முடிந்ததும் தலையணைச் சண்டை. அது முடிந்ததும் பஞ்சலிங்கத்துக்கும் பென்றோஸ் துரைக்கும் வாட்சண்டை.

கரவனெல்லைக்கு மேலே இருந்த அந்த இறப்பர் தோட்டத்தில் பென்றோஸ் துரையைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. மற்றத் தோட்டத்துத் துரைமார் பந்தடிப்பார்கள், ஓர்க்கிட் வளர்ப்பார்கள். இவருக்குப் பழைய காலத்து இங்கிலாந்து வீரர்களின் கவசத்திலும் வாளிலும்தான் பைத்தியம். சும்மா வாசிக்கிற பைத்தியமல்ல. புத்தகத்தில் இருப்பதை உடுத்திப் பார்த்து, அடிபட்டும் பார்த்தால்தான் நம்புவார். அந்தக் கவசத்தோடு விழுந்தவன் ஆமையைப் போலக் கிடப்பான், எழும்பவே முடியாது என்று யாரோ எழுதியிருந்தார்களாம். அதைப் பொய்யென்று நிரூபிக்க, உடம்பெல்லாம் தகரத்தோடு பங்களாப் புல்வெளியில் உருண்டு எழும்பிக் காட்டினார். சமையற்கார நல்லையா அன்று கையிலிருந்த தேநீர்த் தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

படங்களைக் காட்டி, இராமசாமி பாஸைக் கொண்டு பீப்பாய்த் தகரத்தில் இரண்டு கவசங்கள் செய்வித்திருந்தார் துரை. கித்துள் மரத்தில் செதுக்கி, மேலே இறப்பர் ஷீட் சுற்றிய நீண்ட வாள்களும் இரண்டு இருந்தன. அந்தக் காலத்து வீரர்களும் பழகும்போது மர வாளைத்தான் எடுத்தார்களாம். இனி எதிரே நிற்க ஓர் ஆள்தான் வேண்டும்.

"விழாவில் என்னோடு சண்டை போட யார் வருவது?" என்று துரை தோட்ட அலுவலகமான கந்தோரில் கேட்டபோது, முதலில் கையை உயர்த்தியவர் பஞ்சலிங்கம். இரண்டாவதாக யாரும் உயர்த்தவில்லை.

காரணம் இருந்தது. பெரிய கிளாக்கர் இரத்தினசபாபதி ஓய்வுபெற்று ஊருக்குப் போகவிருந்தார். அந்தக் கதிரையில் யார் உட்காருவது என்பது துரையின் வாயில் இருந்தது.

"உங்களுக்கு ஏன் உந்த வேலை?" என்று கேட்டார் மனைவி நாகேஸ்வரி. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை அவர். "படி ஏறினாலே உங்களுக்கு மூச்சு வாங்குது. வேண்டாம், விடுங்கோ."

"நாகேசு, பெரிய கிளாக்கர் கதிரை சும்மா வருமெண்டு நினைக்கிறீரோ?"

அதற்குமேல் நாகேஸ்வரி தடுக்கவில்லை. கவசம் உடம்பில் உரசாமலிருக்க, பழைய தலையணைகளைப் பிரித்து இலவம்பஞ்சை எடுத்து, தடித்த உட்சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தார். மாலையில் பள்ளிக்கூடக் கொப்பிகளை வைத்துவிட்டு, ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் எதிரே நின்றார். துரை கற்றுக்கொடுத்ததைப் பஞ்சலிங்கம் வீட்டில் வந்து பழகினார்.

துரை கற்றுக்கொடுத்தது நான்கு நிலைகள். வாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் கூரை. முகத்துக்குப் பக்கத்தில் கொம்பைப் போல நீட்டினால் எருது. இடுப்போடு வைத்து நுனியை உயர்த்தினால் ஏர். நுனியை நிலத்தில் தொங்கவிட்டு, ஒன்றும் தெரியாதவனைப் போல நின்றால் மடையன். எதிராளி ஏமாந்து கிட்ட வரும்போது மடையன் திடீரென்று அடிக்க வேண்டும். பஞ்சலிங்கத்துக்கு மடையன் நிலை முதல் நாளே வந்துவிட்டது. திடீரென்று அடிப்பது மட்டும் கடைசிவரை வரவில்லை.

தொல்லை தொடங்கியது தொப்பியால்தான். அது பஞ்சலிங்கத்தின் தலைக்குப் பெரிது. கடைசி ஒத்திகையில் அவர் வலப்பக்கம் திரும்பினார், தொப்பி திரும்பவில்லை. பார்ப்பதற்கு விட்டிருந்த கண்ணோட்டை காதுக்கு வந்துவிட்டது. இருட்டில் வாளை வீசிக்கொண்டே போய், பங்களாவின் ரோஜாப் பாத்தியை நாசமாக்கிவிட்டு, ஒரு இறப்பர் மரத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

"அதுக்கென்னங்க, உள்ளுக்கு இறப்பர் பால் பூசி விடுறேன். காஞ்சா மெத்த மாதிரி இருக்கும்" என்றார் இராமசாமி பாஸ்.

பூசியும் விட்டார். விழா நாள் காலையில் பஞ்சலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, ஈரம் காய்வதற்குள் தொப்பியை மாட்டிவிட்டார். பால் துவாயைப் பிடித்துக்கொண்டது. துவாய் தலையைப் பிடித்துக்கொண்டது.

"தேங்காயெண்ண ஊத்தினா வழுக்கிட்டு வந்துருங்க" என்றார் பாஸ்.

கண்ணோட்டை வழியாக ஒரு போத்தல் எண்ணெய் போனது. தொப்பி வழுக்கவில்லை. அதன் முன்னால் இருந்த முகமூடிதான் வழுக்கியது. அதுவரை தூக்கினால் மேலே நின்றுகொண்டிருந்தது, இப்போது எண்ணெய் குடித்த கீலில் நிற்காமல் டக்கென்று விழுந்தது. தூக்கினார்கள். டக். மறுபடியும் தூக்கினார்கள். டக்.

"கண்ணெரியுது பாஸ்!"

"பொறுங்கய்யா, கீலுல ஒரே ஒரு தட்டு."

அந்த ஒரே ஒரு தட்டில் கீல் நசுங்கியது. முகமூடி மூடியபடியே இறுகிவிட்டது. பஞ்சலிங்கத்தின் பேச்சு அத்தோடு பேச்சாக இல்லாமல் போனது. உள்ளே அவர் என்ன கத்தினாலும் வெளியே "ம்ம்ம், ம்ம்ம்" என்றுதான் கேட்டது.

பாஸ் இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவர் தொப்பியைப் பிடித்தார், மற்றவர் காலைப் பிடித்தார். "ஏலேலோ" என்று இழுத்தார்கள். தொப்பி வரவில்லை. அதன் பின்விளிம்பு மட்டும் முதுகுத் தகரத்தின் வாருக்குள் போய் மாட்டிக்கொண்டது. இப்போது பஞ்சலிங்கத்தின் முகம் வானத்தைப் பார்த்து நின்றது.

மைதானத்தில் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

'ஏலாது! துரையிட்டப் போய்ச் சொல்லும், என்னால ஏலாது!' என்று உள்ளே அலறினார்.

"ம்ம்ம்! ம்ம்ம்ம்!"

இராமசாமி பாஸின் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களாடா? இந்த நெலமையிலயும் சண்டைக்குப் போகணும்னு எப்படித் துடிக்கிறாரு! தூக்குங்கடா!"

தூக்கிக்கொண்டு போய் மைதானத்தின் நடுவில் நிறுத்தினார்கள். லயத்து ஆட்கள் ஒரு பக்கம், கீழ் ஊர்ச் சிங்களச் சனங்கள் மறுபக்கம். கைதட்டலில் தகரம் அதிர்ந்தது.

"கஹண்ட, கிளாக்கர் மாத்தயா! கஹண்ட!" என்று ஊர்க்காரர் ஒருவர் அடிக்கச் சொல்லி உற்சாகப்படுத்தினார்.

கண்ணோட்டை வழியாகப் பஞ்சலிங்கத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு துண்டு வானமும், ஒரு பலா மரத்தின் உச்சியும்தான். முதுகை நன்றாக முன்னால் வளைத்தபோது மைதானத்தில் ஒரு கீற்றுத் தெரிந்தது. அந்தக் கீற்றுக்குள், பங்களாப் பாதையால் துரையின் கவசம் மினுங்கிக்கொண்டு இறங்கி வந்தது. முகமூடி மூடியிருந்தது. வாளை முகத்துக்கு நேரே உயர்த்தி மரியாதை செய்தது.

பஞ்சலிங்கத்தின் கை மேலே எழவில்லை. வாள் நுனி நிலத்தில் தொங்கியது. பார்த்தவர்கள் அதை மடையன் நிலை என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதல் அடி தோளில் மெல்ல விழுந்தது. இரண்டாவது, பூவை வைப்பதைப் போல. எதிராளி அடிப்பதைவிடக் காத்துக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது. பஞ்சலிங்கம் தட்டுத்தடுமாறி முன்னே போனார். இரண்டு வாள்களும் குறுக்கே மாட்டிக்கொண்டன. தொப்பியோடு தொப்பி முட்டியது. அவ்வளவு நெருக்கத்தில் தன் குரல் தகரத்தைத் தாண்டி அடுத்த தகரத்துக்குள் போகும் என்று அவருக்குப் பட்டது.

"சேர், பிளீஸ் சேர்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். பயத்தில் ஆங்கிலம் அவ்வளவுதான் வந்தது. துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியுமென்ற தைரியத்தில் தமிழுக்கு மாறினார். "மெல்லமா அடியுங்கோ சேர். நான் விரும்பி வரேல்லை. என்னைக் கட்டாயப்படுத்தி அனுப்பினது."

எதிரே இருந்த வாள் அப்படியே நின்றது. தொப்பி கொஞ்சம் சரிந்து, இன்னும் கிட்ட வந்தது. யார் என்று கேட்பதைப் போல இருந்தது.

துரைக்கு இரக்கம் வந்துவிட்டது என்று பஞ்சலிங்கம் நினைத்தார். இப்படியொரு சந்தர்ப்பம் கந்தோரில் எந்தக் காலத்திலும் கிடைக்காது.

"என்ர மனிசிதான் சேர். 'போய் அடிபடுங்கோ, பெரிய கிளாக்கர் வேலை எடுங்கோ' எண்டு விடிய விடிய ஒரே ஆக்கினை."

எருது நிலையிலிருந்து ஓர் அடி வந்தது. நெஞ்சுத் தகரம் கோயில் மணியைப் போல ஒலித்தது. சனங்கள் ஆரவாரித்தார்கள்.

மறுபடியும் வாள்கள் மாட்டியபோது பஞ்சலிங்கம் அவசரமாகத் தொடர்ந்தார். "உங்களுக்குத் தெரியாது சேர், அவவின்ர வாய்க்கு இந்த வாள் எம்மாத்திரம்! பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு ஒரு நேரம்தான் வாத்தியார். எனக்கு முழு நேரமும்."

ஏர் நிலை. குத்து வயிற்றில் வந்தது. இலவம்பஞ்சு இல்லாவிட்டால் காலையில் சாப்பிட்டது வெளியே வந்திருக்கும்.

"அவ அவிக்கிற பிட்டைத் திண்டு பாருங்கோ சேர், அதால ஒரு கவசம் செய்யலாம்!"

இதற்கு வந்த அடிக்குத் துரையின் புத்தகத்தில் பெயர் இல்லை. தலை, தோள், தொடை, பின்பக்கம் என்று அது பல இடத்தில் விழுந்தது. பஞ்சலிங்கம் ஓடினார். கண் வானத்தைப் பார்க்க, கால் மைதானத்தைச் சுற்றியது. துரையின் கவசம் பின்னால் துரத்தியது. தப்பு அடிப்பவர்கள் அந்த அடிகளுக்குத் தாளம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசி அடி கூரை நிலையிலிருந்து இறங்கியது. வார் அறுந்தது, கீல் தெறித்தது, பஞ்சலிங்கம் மல்லாந்து விழுந்தார். தொப்பி துவாயையும் கொஞ்சம் தலைமயிரையும் எடுத்துக்கொண்டு பலா மரம்வரை உருண்டு போனது.

வெளிச்சம்! காற்று! பஞ்சலிங்கம் வாயைத் திறந்து மூச்சு விட்டார். காலையிலிருந்து யாராலும் செய்ய முடியாததை அந்த ஓர் அடி செய்துவிட்டது. துரையின் கவசம் அவருக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு கையை நீட்டி அவரை ஒரே இழுவையில் எழுப்பிவிட்டு, முகமூடியைத் திறக்காமலே திரும்பி விறுவிறுவென்று நடந்து பாதை வளைவில் மறைந்தது.

மைதான ஓரத்தில் ஜமால்தீன் நானாவின் தேநீர்க் கடை போட்டிருந்தது. இராமசாமி பாஸ் தகரங்களைக் கழற்றிவிட, பஞ்சலிங்கம் வாங்கில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து வெறுந்தேநீர் குடித்தார். மற்றப் பக்கம் உட்காரக்கூடியதாக இல்லை. ஆனால் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"நல்லா வாங்கிட்டீங்களே, கிளாக்கர்" என்றார் ஜமால்தீன்.

"அடி கிடக்கட்டும், நானா. துரைக்கு என்ர நிலைமை எல்லாம் விளங்கிட்டுது. பெரிய கிளாக்கர் கதிரை எனக்குத்தான்."

"விளங்கினா ஏன் இப்பிடி அடிக்கிற?"

"உமக்கு அது பிடிபடாது. என்ர மனிசியைப் பற்றிச் சொல்லச் சொல்லத்தான் மனுசனுக்குக் கோவம் வந்தது. அவவுக்கு விழ வேண்டிய அடியெல்லாம் எனக்கு விழுந்திட்டுது. அவ்வளவு இரக்கமான துரை!"

ஜமால்தீனுக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை. இன்னொரு கோப்பை ஊற்றி வைத்தார். பஞ்சலிங்கம் மீசையைத் துடைத்துக்கொண்டு, பெரிய கிளாக்கரின் கதிரைக்குப் புதுப் பிரம்பு பின்ன வேண்டும் என்று பாஸிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பங்களாச் சமையற்கார நல்லையா மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"ஐயா, தொரை கேட்டுட்டு வரச் சொன்னாருங்க. சண்டையில யாருங்க ஜெயிச்சது?"

பஞ்சலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். "அடிச்ச மனுசனுக்குத் தெரியாதோ?"

"அவருக்கு எப்படிங்க தெரியும்? காலையில காலுக்குத் தகரம் கட்டக் குனிஞ்சவரு முதுகு புடிச்சு இன்னும் நிமிரலயே, கட்டில்லதானே கெடக்காரு."

பஞ்சலிங்கத்தின் கையிலிருந்த கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது.

"அப்ப... என்னோட சண்டை பிடிச்சது?"

"உங்க வீட்டு டீச்சரம்மாதாங்க! 'சண்ட நின்னு போச்சுன்னா எங்க வீட்டுக்காரரு மனசு ஒடஞ்சு போவாரு'ன்னு பங்களாவுக்கே வந்து தொரைகிட்டக் கெஞ்சிக் கேட்டு, அவரு கவசத்த மாட்டிக்கிட்டு வந்தாங்க. இப்ப அதக் கழட்டாம, வாளோட உங்க வீட்டு வாசல்ல நிக்கிறாங்க, மிச்சக் கதையையும் வந்து சொல்லச் சொன்னாங்க."