டீமேக்கர் வீரய்யாவின் கறுவா வைத்தியம்

மாதிரித் தேயிலை டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்த தோட்டத்துத் தொரை, மூடியைத் திரும்பப் போட்டார்.

"வீரய்யா, இது தேயிலையா, புரியாணி மசாலாவா?"

வீரய்யாவுக்கு அந்தத் தோட்டத்துக் குளிரிலும் வியர்த்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த ஃபெக்டரியில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் அவர். தேயிலை பக்கத்திலிருக்கும் மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று சொல்லி, பவுடர் பூசி வந்த பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர். அப்பேர்ப்பட்டவர்தான் கறுவாப்பட்டை மாத்திரைப் போத்தலைக் கொண்டுபோய் மாதிரித் தேயிலை அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

"பாத்துக்குறேங்க தொரை" என்றார். வேறென்ன சொல்ல?

இரண்டு கிழமைக்கு முன் தலவாக்கலை டாக்டர் அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய், என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். வீரய்யா பயந்தது வருத்தத்துக்கு அல்ல. பக்கத்துத் தோட்டத்து டீமேக்கர் துரைராசாவுக்குச் சீனி வருத்தம் வந்துதான் வேலை போனது என்று ஊரே சொன்னது. சீனி ஏறினால் நாக்கு செத்துப்போகுமாம், நாக்கு செத்தவனுக்குத் தேயிலை ருசி பார்க்கிற வேலை எதற்கு? வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். இரண்டு பெண் பிள்ளைகளோடு எங்கே போவது?

மனைவி சண்முகவடிவிடமும் மூச்சு விடவில்லை. அவளிடம் சொன்னால் தண்ணீர் பிடிக்கிற பீலியடிக்குப் போகும், பீலியடிக்குப் போனால் தொரை பங்களாவுக்குப் போகும். அதனால் டாக்டரின் மாத்திரை டிரங்குப் பெட்டிக்கு அடியில் போனது. வெளிநாட்டில் யாருக்கோ கறுவா கொடுத்துப் பார்த்ததில் சீனி குறைந்ததாக ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் அந்தப் போத்தலை வாங்கினார்.

அலுமாரியில் இருந்தால்தானே மணக்கும், வாயில் இருந்தால்? போத்தலை ஓடையில் வீசிவிட்டு, கறுவாப் பட்டையை வாங்கிக் கடைவாயில் அடக்கிக்கொண்டார். தேயிலையில் ஒரு நூல் அளவு வாடை வந்தாலும் கண்டுபிடிக்கிற மூக்கு அவருடையது. தன் வாயை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் தொரை கிட்டத்தில் வந்து நின்றார்.

"வாயத் தெறங்க."

திறந்தார்.

"மத்தியானத்துலேயே சாராயமா? வாசம் தெரியாம இருக்கத்தானே கறுவா மெல்லுறீங்க?"

வீரய்யா வாழ்க்கையில் சாராயப் போத்தலை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவருடைய மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது. பிற்பாடு அதை நினைத்து அவரே தலையில் அடித்துக்கொண்டார். குடியை விட்டுவிட்டேன் என்று சொல்லலாம். சீனியை விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியுமா?

"ஆமாங்க தொரை" என்றார். "கொஞ்ச நாளாத்தான்."

"ஒரு மாசம் பாப்பேன். அதுக்குப் பொறகு முடிவு சொல்றேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி பீலியடிக்கு வந்து, சண்முகவடிவு அழுது முடித்திருந்தாள்.

"ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு என்ன காரியங்க இது? நாளைக்கே மாரியம்மன் கோயில்ல சூடத்த அணைச்சு சத்தியம் பண்றீங்க!"

செய்யாத குற்றத்துக்குச் சத்தியம் பண்ணுவது சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த வைத்தியம்தான் ஆளை அடித்தது. குடியை மறக்கடிக்கத் தொழிலாளர் லயத்து ராக்காயி சொல்லிக் கொடுத்ததாம். காலையில் வெறும் வயிற்றில் தேசிக்காய்ச் சாறும் தேனும், மத்தியானம் கித்துள் கருப்பட்டி கரைத்த தண்ணீர், படுக்கப் போகும் முன் சீனி போட்ட பால்.

"எனக்கு வேணாம் வடிவு. இனிப்பே புடிக்கல."

"பாத்தீங்களா! குடிகாரங்களுக்கு இனிப்பு புடிக்காதுன்னு ராக்காயி அப்பவே சொன்னா."

குடிகாரன் இல்லை என்று காட்ட, வீரய்யா டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். ஏறுகிற சீனியை இறக்க, யாரும் பார்க்காதபோது இரண்டு மடங்கு கறுவா மென்றார். வாசம் கூடியது. வாசம் கூடக் கூட, சண்முகவடிவு தேனைக் கூட்டினாள். வீட்டுக்குள் இரண்டு பேர் கயிறு இழுக்க, நடுவில் தன் உடம்பு கயிறாகிவிட்டதாக வீரய்யாவுக்குத் தோன்றியது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மாதக் கடைசியில் தலவாக்கலைக்குப் போனார். டாக்டர் இரத்தப் பரிசோதனைத் துண்டை இரண்டு தரம் பார்த்தார்.

"மாத்திரை போட்டீங்களா?"

"கறுவா சாப்புட்டேங்க."

"கறுவா கறிக்கு நல்லதுங்க. சீனியக் கொறைக்கும்னு எவனும் இன்னும் உறுதியாச் சொல்லல. அத நம்பி மாத்திரைய நிப்பாட்டச் சொன்னது யாரு? இப்புடியே போனா காலு போயிரும் வீரய்யா."

வீரய்யா எழுந்து வெளியே வந்தார். காலும் வேண்டும், வேலையும் வேண்டும். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் மர வாங்கில் துரைராசாவின் மனைவி பூரணம் உட்கார்ந்திருந்தார். வேலை போன பிறகு இருவரும் டவுனில்தான் வாடகைக்கு இருந்தார்கள். தன்னைப்போல் மாட்டிக்கொண்ட ஆளைக் கண்டதுபோல வீரய்யாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"அக்கா, அண்ணனுக்குச் சீனி இப்ப எப்புடிங்க இருக்கு?"

பூரணம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவருக்கு எங்கை தம்பி சீனி வருத்தம்? குடிச்சுப்போட்டு ஃபெக்டரிக்குள்ளை விழுந்து கிடந்ததுக்குத்தான் தோட்டத்துத் துரை வேலையாலை கலைச்சு விட்டவர். வெளியிலை சொல்ல வெக்கத்திலை, சீனி வருத்தம் எண்டு நாங்களாக் கட்டின கதை அது!"