மறியலுக்குப் போன கதவு

வீட்டுக்கு அஸ்திவாரம்தான் முக்கியம், கூரைதான் முக்கியம் என்று சொல்பவர்கள் யாரும் கதவில்லாத வீட்டில் குடியிருந்தவர்கள் இல்லை. நான் இருந்திருக்கிறேன். அதுவும் ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவியோடு, கள்ளக்குறிச்சியில், ஊரே மறியலும் கடையடைப்புமாகக் கிடந்த காலத்தில். அந்தக் கதவை மீட்கப் போய் நான் செய்துவிட்டு வந்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பகீரென்கிறது.

அப்போது நான் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் இருந்தேன். சின்ன ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற வேலைதான். ஆனால் புதுப்படம் வந்துவிட்டால் தாசில்தார் வீட்டு ஆள்கூட அந்த ஓட்டைக்கு எதிரே குனிந்துதான் ஆக வேண்டும். அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியிருந்தது. (கொஞ்சம் என்பது நான் சொல்வது. என் மனைவி மல்லிகா வேறு அளவு சொல்வாள்.)

எங்கள் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. கச்சிராயபாளையம் ரோட்டில் ஊருக்கு வெளியே நிலமும் மாடும் வைத்திருந்தார். டவுனுக்குள் இருந்த இந்த ஒரு வீட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு பெரிய படம் வந்த முதல் நாள் சம்பந்தி வீட்டு ஜனத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு அவர் கொட்டகைக்கு வந்தார். அவர் கேட்ட வகுப்பில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. அதைப் பணிவாகச் சொல்லியிருக்கலாம். நான் தலையைக்கூட நிமிர்த்தாமல், "இல்லைங்க, அடுத்தாளு" என்று சொல்லிவிட்டேன். சம்பந்திகள் முன்னால் அவர் அடுத்த ஆளுக்கு வழி விட்டு நகர வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில் அவர் வந்து நின்றார்.

"தம்பி, வூட்ட காலி பண்ணிக் குடுங்க. எனக்கு வேணும்."

வாடகையை ஒரு நாளும் தள்ளிக் கொடுத்ததில்லை என்பதால் எனக்குத் தைரியம். "மாசமா இருக்கிறவள வச்சிக்கினு வூடு மாத்தக் கூடாதுங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

ஏழுமலைக்குச் சாமி பயமும் சாத்திர பயமும் அதிகம். நெற்றியைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போய்விட்டார். ஜெயித்துவிட்டேன் என்று மல்லிகாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவள் மட்டும், "அவரு சும்மா போற ஆளு இல்ல" என்றாள்.

அவள் சொன்னது சரி. ஒரு நாள் மத்தியான ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் கதவைக் காணோம். பூட்டு உடைந்திருந்தால் திருடன் என்று புரிந்துகொள்ளலாம். கதவே இல்லையென்றால் என்னவென்று புரிந்துகொள்வது? நிலை மட்டும் தனியாக நின்றது. அதன் வழியாக எங்கள் சமையல்கட்டு, சோற்றுப்பானை, கொடியில் கிடந்த என் பனியன் எல்லாம் தெருவுக்குத் தெரிந்தன. நடுவில் மல்லிகா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"ஆசாரிய இட்டுக்கினு வந்தாரு. கீலு லூசா இருக்குது, ரிப்பேருக்கு எடுத்துக்கினு போறேன்னு வண்டியில ஏத்திக்கினு போயிட்டாரு. உங்கள காலி பண்ண சொல்லலம்மா, நீங்க பாட்டுக்கு இருங்கன்னாரு."

கர்ப்பிணியை வீடு மாற்றச் சொல்வதுதானே பாவம்? கதவைப் பழுது பார்ப்பது எந்தச் சாத்திரத்தில் பாவம்? சாமியிடமும் கெட்ட பேர் வாங்காமல் எங்களையும் விரட்டுவதற்கு அந்த மனிதர் வழி கண்டுபிடித்திருந்தார்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தெரு நாய் ஒன்று வந்து தயிர்ச் சட்டியைக் காலி செய்துவிட்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று. மல்லிகா புடவை மாற்ற வேண்டுமென்றால் நான் பாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மறைப்புக்குக் கொட்டகையிலிருந்து ஒரு துணித் தட்டி கொண்டுவந்து தொங்கவிட்டேன். அவசரத்தில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. 'இன்றே கடைசி' என்று இருந்தது. அந்தப் பக்கமாகச் சைக்கிளில் போன ஏழுமலை இறங்கி நின்று அதை இரண்டு தரம் படித்துவிட்டு மிகத் திருப்தியோடு போனார்.

கடைசியில் மல்லிகா சொல்லிவிட்டாள். "புள்ளய நா இப்பிடித் தெருவுல பெக்க மாட்டேன். கதவு வரலன்னா நா திருநாவலூருக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறேன். அப்புறம் இந்த வூட்டுல நீங்க மட்டும் தனியா கெடங்க."

அவள் போய்விட்டால் 'மாசமா இருக்கிறவள்' என்ற என் ஒரே ஆயுதமும் அவளோடு போய்விடும். ஏழுமலை அன்றைக்கே என் பாயைச் சுருட்டி வெளியில் வைத்துவிடுவார்.

அந்த வாரத்தில்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் ஆரம்பித்தது. ரோட்டுக்கு ரோடு புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை. கொட்டகையும் மூடிவிட்டார்கள். அந்த நாட்களில் தடியடியிலும் துப்பாக்கிச் சூட்டிலும் ஆளைப் பறிகொடுத்த எத்தனையோ வீடுகளில் அழுகைச் சத்தம் கேட்டது. அதைப் பற்றிச் சிரிக்க எனக்கு வாய் கிடையாது. நான் சிரிப்பது அந்த நேரம் பார்த்து ஒரு கதவோடு ரோட்டுக்குப் போன முட்டாளைப் பற்றித்தான்.

வேலை இல்லையே, கதவை நாமே கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போகும்போது வழியில் ஒரு மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள்தானே என்று விட்டுவிட்டார்கள். ஏழுமலை வீட்டில் அவர் இல்லை. "அவரு மறியலுக்குப் போயிருக்காருங்க" என்றார் அவர் மனைவி. எனக்கு வசதியாகப் போயிற்று. கதவு மாட்டுக்கொட்டகையில் சாத்தி வைத்திருந்தது. கல்வராயன் மலை வேங்கை மரத்தில் செய்தது என்று ஏழுமலை ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிற கதவு.

"அம்மா, ரிப்பேர் முடிஞ்சிட்டா எடுத்துக்கினு போவலாமுன்னு வந்தேன்."

"ரிப்பேரா? மாடு ஒரசி ஒரசி நாஸ்தியாவுது. மொதல்ல எடுத்துக்கினு போங்க."

கதவைச் சைக்கிள் மேல் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்தக் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது. பாதி வழியில், காலையில் வெட்டிக்கொண்டிருந்த மரம் இப்போது ரோட்டை அடைத்துப் படுத்திருந்தது. சுற்றிலும் பெருங்கூட்டம். என்னைத் தாண்ட விடுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தோளில் துண்டு போட்ட ஒரு வாலிபர் என்னைப் பார்த்துவிட்டார்.

"எல்லாரும் இங்க பாருங்க. அண்ணன் தன் வூட்டுக் கதவையே கழட்டிக்கினு வந்துட்டாரு."

கூட்டம் கை தட்டியது.

இந்த இடத்தில் நான், 'இல்லைங்க, இது வாடகை வீட்டுக் கதவு, வீட்டுக்குக் கொண்டு போகிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அதுவரை என் வாழ்க்கையில் யாரும் எனக்குக் கை தட்டியதில்லை. ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து திட்டு மட்டுமே வாங்கிப் பழகிய ஆள் நான். கைதட்டல் காதில் விழுந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. வாயும் தானாகத் திறந்தது.

கதவைக் கூட்டமாக அவிழ்த்து மரத்தின்மேல் சாத்தினார்கள். எனக்கு ஒரு சோடா கொடுத்தார்கள். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் நாற்பது பேசினேன்.

"நம்ம புள்ளைங்களுக்குப் படிப்புக் கதவ சாத்திட்டாங்க. வேலைக் கதவ சாத்திட்டாங்க. அதெல்லாம் தெறக்கிற வரைக்கும் என் வூட்டுக்குக் கதவு இன்னாத்துக்கு? இந்தக் கதவு இந்த ரோட்டுலயே கெடக்கட்டும்."

அப்படியொரு கைதட்டல். சிலர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கே கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், கூட்டத்தின் முன்வரிசையில் ஏழுமலை நிற்கிறார்.

மறியல்காரர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் எடுத்துக்கொண்டு அப்போதுதான் வந்திருக்கிறார். கையில் பொட்டலம் அப்படியே இருக்கிறது. கண் கதவைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது, மறுபடி கதவைப் பார்க்கிறது. மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, அது என் கதவு."

"தெரியுங்க."

"எடுத்துடு."

"நீங்களே சொல்லி எடுத்துக்குங்க."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை பேர் கண்ணீர் விட்ட கதவை எந்த வாயால் திருப்பிக் கேட்பார்? அந்தப் பக்கத்தில் அவர் ஒரு பெரிய மனுஷர். நாளைக்கும் அங்கேதான் நடமாட வேண்டும். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கும்போதே போலீஸ் வண்டிகள் வந்துவிட்டன.

அடுத்த சில நிமிஷங்கள் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. தடி, ஓட்டம், கூச்சல், செருப்புகள். வாழ்க்கையிலேயே அவ்வளவு பயந்ததில்லை. ஓடத் தெரிந்தவர்கள் ஓடினார்கள். ஏழுமலைக்கு மூட்டுவலி, எனக்குக் கால் நடுக்கம். இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏற்றப்பட்டோம். எங்கள் காலடியில் கதவும் ஏற்றப்பட்டது.

பிடித்தவர்களையெல்லாம் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். சாயங்காலம் ஒரு ஏட்டு வந்து கதவின் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரோட்ட மறிச்ச பொருள் இது. இதுக்குச் சொந்தக்காரன் எவனோ அவன்தான் மொத எதிரி. யாருது இந்தக் கதவு?"

எதிரி என்றால் வழக்கில் மாட்டிய ஆள் என்று அர்த்தம். நான் ஏழுமலையைக் காட்டினேன். "வூடு அவருதுங்க. கதவும் அவருது. ஒவ்வொரு ஆணியும் என்னுதுன்னு அவரே சொல்லியிருக்காரு."

ஏழுமலை பதறிப் போய்விட்டார். "ஐயா, சத்தியமா எனக்கும் அந்தக் கதவுக்கும் சம்பந்தமில்லீங்க. குடியிருக்கிறவருது. அவரே கழட்டிக்கினு வந்தேன்னு பேசினாரு. எல்லாரும் கேட்டாங்க."

மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும், ஆமாம், அண்ணன்தான் கொண்டுவந்தார் என்று பெருமையோடு சாட்சி சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் சேதி கேட்டு மல்லிகா உள்ளே வந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கையில் சோற்றுத் தூக்கோடு. எனக்கு உயிர் வந்தது. கர்ப்பிணியைப் பார்த்தால் ஏட்டு இரங்குவார். அவளும் உண்மையைச் சொல்லி என்னைக் காப்பாற்றுவாள்.

"வூட்ட யாரு பாத்துக்குறாங்க?" என்றேன்.

"கதவு இல்லாத வூட்ட யாரு பாக்கல? தெருவே பாக்குது" என்று சொல்லிவிட்டு ஏட்டிடம் திரும்பினாள். "இன்னா கேக்குறீங்க ஐயா?"

"இந்தக் கதவு யாருதும்மா? வூட்டுக்காரரு தன்னுது இல்லேங்கிறாரு."

மல்லிகா ஏழுமலையைப் பார்த்தாள். "உங்களுது இல்லீங்களா?"

"இல்லம்மா, இல்லவே இல்ல."

"ரிப்பேருக்கு நீங்க எடுத்துக்கினு போவல?"

"நா எதுக்கும்மா எடுக்கப் போறேன்?"

"அப்போ எங்க கதவுதான் ஐயா. இவரு பேர எழுதிக்குங்க."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. தாலி கட்டிய புருஷனை, வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, அவள் முதல் எதிரியாக்கிவிட்டாள். ஏட்டே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினார். மறியலுக்கு வந்தவன் என்று ஏழுமலையை இரண்டாம் எதிரியாகப் போட்டார்.

அவள் அதோடு விடவில்லை. மண்டபமே கேட்கும்படி ஏழுமலையிடம் சொன்னாள். "எங்க கதவு மறியலுக்குப் போயிடுச்சிங்க. உங்க வூட்டுக்கு நீங்க எப்போ கதவு போடுவீங்க?"

எத்தனையோ கண்கள் ஏழுமலையைப் பார்த்தன. தன் வீட்டுக் கதவையே தியாகம் செய்த அண்ணனின் பெண்டாட்டி கேட்கிறாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வெளிய வுட்டதும் போட்டுடறேம்மா."

சோற்றைப் பிசைந்து கொடுத்துக்கொண்டே அவள் என் காதில் சொன்னாள். "உங்கள எப்பிடியும் வுட்டுடுவாங்க. வூட்ட வுட்டா திரும்பக் கெடைக்குமா?"

எனக்குக் கோபமும் வந்தது. சோறும் இறங்கியது.

அவள் சொன்னபடியே எங்களை விட்டுவிட்டார்கள். ஏழுமலை ஆசாரியோடு வந்து, தானே கூட நின்று தகரக் கதவு ஒன்றை மாட்டினார். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் என் மகள் பிறந்தாள். அதன் பிறகு அவர் வாயிலிருந்து காலி என்ற வார்த்தை வரவே இல்லை. கோர்ட்டில் வாய்தா வரும்போதெல்லாம் முதல் எதிரியும் இரண்டாம் எதிரியும் ஒன்றாகவே போவோம். முதலில் ஒரு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டோம். வழக்கு தள்ளுபடியாகிறதற்குள் அவர் பேத்தி கல்யாணத்துக்கு என் கையால் பந்தல்கால் நடும் அளவுக்கு நெருக்கமாகிவிட்டோம். வேங்கைக் கதவு மட்டும் யாருக்கும் திரும்பி வரவில்லை.

என் வீட்டில் இன்றைக்கும் ஒரு வழக்கம் உண்டு. நான் வெளியே கிளம்பினால் மகளும், இப்போது பேரனும்கூட, வாசலில் நின்று சொல்வார்கள்: "யாராவது கை தட்டுனா உடனே வூட்டுக்கு வந்துடுங்க." போன வருஷம் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கொட்டகை முதலாளி மேடையில் நிறுத்திச் சால்வை போட்டார். கூட்டம் கை தட்டியது. என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன். மூன்றாவது வரிசையில் மல்லிகா எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னையே பார்த்து நின்றுகொண்டிருந்தாள். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.