தாத்தா என்றால் ஆண்பால்

இன்றைக்கு ஒரே ஒரு வேலைதான். ஜலீல் சேரின் கவிதைப் புத்தகத்தைப் புதிய பதிவுச் செயலியில் ஏற்ற வேண்டும்.

முன்பெல்லாம் இது ஐந்து நிமிட வேலை. பெயர், தலைப்பு, அலுமாரி இலக்கம். முடிந்தது. புதிய செயலிக்கு அது போதாது. எழுதியவருக்குத் தனிப் பக்கம் வேண்டும். அவர் எந்த ஊர், யாருக்கு என்ன முறை, வேறு என்ன எழுதினார், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோர்த்துவிட வேண்டும். ஒருவரைத் தொட்டால் மற்றவர் வருவார். 'இணைத்த தரவு' என்று கொழும்பில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி தந்தார்கள். இரண்டு நாளும் பகல் சாப்பாடு நன்றாக இருந்தது.

வேலைக்குப் பின்னால் ஒரு காரியம் இருந்தது. சுனாமியில் கடல் வந்துபோன பிறகு எங்கள் வாசிகசாலையில் பழைய புத்தகம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. நபீஸா டீச்சரின் வீடு மெயின் றோட்டுக்கு மேற்கே. அவருடைய மூன்று அலுமாரியும் நனையவில்லை. இந்தப் பக்கத்தில் அச்சான பழைய சஞ்சிகைகள் முழுக்க அங்கேதான்.

"நீங்க புத்தகத்த எப்பிடிப் பாக்கிறீங்க என்டு வந்து பாத்துட்டுத் தாறன்" என்று சொல்லியிருந்தார்.

பதினொரு மணிக்கு வருகிறார், தம்பி ஜலீல் சேரையும் கூட்டிக்கொண்டு. தம்பியின் பக்கத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டி அசத்துவது என் திட்டம்.

புத்தகத்தைத் திறந்தேன். சமர்ப்பணம்: 'என்னை வளர்த்த தாத்தா நபீஸாவுக்கு.'

எங்கள் ஊர் முஸ்லிம்கள் நாங்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். செயலி கேட்டது: நபீஸா ஜலீலுக்கு என்ன உறவு? பட்டியலில் 'தாத்தா' இருந்தது. ஆகா, நம்மட வழக்கையும் யோசித்திருக்கிறார்களே! மெச்சிக்கொண்டு அமத்தினேன்.

பத்து ஐம்பதுக்கு, பக்கத்து மேசை ரிஸானா எட்டிப் பார்த்தாள். என் உதவியாளர்.

"சேர், டீச்சர ஆம்பிளயாக்கி வெச்சிரிக்கீங்க."

பார்த்தேன். நபீஸா. பால்: ஆண். பேரன்: ஜலீல்.

செயலியைச் செய்தவர்கள் ஊரில் தாத்தா என்றால், நாங்கள் மூத்தாப்பா என்கிறவர். 'மூத்த சகோதரி' ஆறு வரி கீழே தனியாக இருந்தது. ரிஸானா விரலை வைத்துக் காட்டினாள்.

"லேசான வேல. மாத்தினாச் சரி" என்றேன்.

பாலைப் 'பெண்' என்று மாற்றினேன். செயலி மறுத்தது. 'தாத்தா ஆணாக இருக்க வேண்டும். பாட்டி என மாற்றவா?'

வாசலில் ஓட்டோ வந்து நின்றது.

பதற்றத்தில் 'ஆம்' என்பதை அமத்திவிட்டேன்.

"சேர்! இப்ப மூத்தும்மா ஆக்கிட்டீங்க!"

செயலி அதோடு நிற்கவில்லை. பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் ஒருவர் இருந்தாக வேண்டுமே! தானே ஒரு வட்டம் போட்டது. மேலும் கீழும் கோடு இழுத்தது. உள்ளே எழுதியது: 'பெயர் தெரியாத பிள்ளை.'

நபீஸா டீச்சர் கலியாணம் முடிக்காதவர்.

திரையை அணைக்கப் போய் எதையோ அமத்தினேன். படம் சுவரில் பெரிதாக விழுந்தது. அசத்துவதற்கென்று முதலே ஆயத்தம் செய்து வைத்திருந்தது.

டீச்சர் உள்ளே வந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கணக்குப் படிப்பித்தவர். எனக்கும்தான். என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். இரிங்க."

"வஅலைக்கும் ஸலாம். இரிக்கிறன். இது ஆருட புள்ள, மனே?"

"அது... மெஷின் போட்டது டீச்சர்."

"மெஷினுக்கு ஆரு செல்லிக் குடுத்த?"

ஜலீல் சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவருக்குக் கிட்டப் போனார்.

"தாத்தா, நான் உங்கட பேரனாம். அப்ப நடுவுல நிக்கிற நம்மட வாப்பாவா?"

"வாப்பா எனக்கு மகனா? நல்லாத்தான் இரிக்கி. அவருக்குக் கணக்குப் படிப்பிச்சிருக்கலாம்."

ரிஸானா அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அலுமாரி குலுங்கியது.

நான் விளக்கினேன். அவர்களுடைய தாத்தா, நம்முடைய தாத்தா, ஆண்பால், பெண்பால். பிழையான விடையை முழுவதும் சொல்ல விடுகிற பொறுமையோடு டீச்சர் கேட்டார்.

"மூத்த சகோதரி என்டு பட்டியல்ல இல்லயா?"

"இரிக்கி டீச்சர்."

"எங்க?"

"ஆறு வரி கீழ."

"எட்டாம் வகுப்புலயும் நீ கேள்விய முழுசா வாசிக்க மாட்டாய்."

எழும்பினார்.

"டீச்சர், புத்தகங்கள்..."

"யோசிக்கோணும் மனே. நான் உசிரோட இரிக்கிறதால வந்து கேட்டன். என்ட அலுமாரில எழுதினவங்கள்ள பாதிப் பேர் மௌத்தாகிட்டாங்க. அவங்க வந்து திருத்த மாட்டாங்க."

இருவரும் ஏற, ஓட்டோ போய்விட்டது.

அன்று பின்னேரமே பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசித்து, 'மூத்த சகோதரி'யை அமத்தினேன். உடனே திருந்தியது. பெயர் தெரியாத பிள்ளையை அழிக்க மட்டும் கொழும்பின் அனுமதி வேண்டும் என்றது. கடிதம் எழுதினேன். பிள்ளை இன்னும் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றது. மூன்று அலுமாரியும்! ஒரு சஞ்சிகை குறையவில்லை. மேலே ஒரு கொப்பி, டீச்சரின் கையெழுத்தில் முழுப் பட்டியல்.

முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: 'உள்ளபடி பதியவும். சொந்தம் தேட வேண்டாம்.'