மாப்பிள்ளை பைக்கின் ஜாதகம்

ஊரார் வண்டிகளை வேவு பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. இதை நானே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. என் தங்கை செல்வி சொல்ல ஆரம்பித்தால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

பழைய கார் ஒன்று வாங்கப் போனபோது ஒட்டிக்கொண்ட வியாதி அது. காரைக்குடியில் கார் காட்டிய புரோக்கர், "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வச்சிருந்த வண்டி" என்றார். கூட வந்த நண்பன் என் போனில் ஒரு ஆப்பை இறக்கி, வண்டி நம்பரைத் தட்டினான். டாக்டர் வண்டி நான்காவது கையில் இருந்தது. (எத்தனை டாக்டரோ!) பதிவு செய்த தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் இருக்கிறதா செத்துவிட்டதா, போலீஸ் எத்தனை முறை அபராதம் போட்டது, எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஓனர் பெயரில் மட்டும் பாதி எழுத்துக்கு நட்சத்திரம் போட்டு மறைத்திருந்தார்கள்.

காரை வாங்கவில்லை. ஆப்பை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் எங்கள் மாதா கோயில் வாசலில் நிற்கும் வண்டிகளை வரிசையாகத் தட்டிப் பார்ப்பேன். சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியாரின் ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் முடிந்து எட்டு மாதம் ஆகிறது என்பதை, அவர் உண்டியல் பையோடு என் பெஞ்சுக்கு வந்தபோது காதோடு காதாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் ஷோரூமில் எடுத்ததாகச் சொல்லிக் கேக் வெட்டிய கார், இரண்டாவது கை என்பதைக் கேக் வாயில் இருக்கும்போதே அறிவித்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எங்களுக்குப் பண்டம் பலகாரம் எதுவும் வரவில்லை.

இந்த லட்சணத்தில்தான் செல்விக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை சகாயம், தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதிகம் பேசாத ஆள். எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று பூசையில் அறிவிப்பார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் யாரும் எழுந்து போய் எதையும் சொன்னதில்லை. நான் போனேன். பெண்ணின் கூடப்பிறந்த அண்ணன் நான்.

இரண்டாவது ஓலை வாசித்த அன்று மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அவர் கை கழுவப் போன நேரத்தில் பைக் நம்பரைத் தட்டினேன். ஒரே ஓனர், கடன் இல்லை, இன்சூரன்ஸ் சரி. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அப்போதுதான் கீழே ஒரு அபராதம் கண்ணில் பட்டது. பின்னால் அமர்ந்தவர் ஹெல்மெட் அணியவில்லை. இடம் காரைக்குடி. போன புதன்கிழமை, காலை பதினொன்று இருபது.

பள்ளிக்கூட நேரத்தில் வாத்தியாருக்குக் காரைக்குடியில் என்ன வேலை? பின்னால் இருந்தது யார்? ஆண் என்றால் ஹெல்மெட் போட்டிருப்பான். பெண் என்றால்தான் தலையில் பூ நசுங்கும் என்று போட மாட்டாள். ஆக, பின்னால் ஒரு பெண், அதுவும் பூ வைத்த பெண்! (எங்கள் தெருவில் எந்த ஆம்பளையும் ஹெல்மெட் போட்டு நான் பார்த்ததில்லை. அது அப்போது நினைவுக்கு வரவில்லை.)

தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாப்பிள்ளையிடமே கேட்டிருக்கலாம். நான் நேராகச் சாமியார் பங்களாவுக்குப் போய்ப் போனை நீட்டினேன்.

சாமியார் கண்ணாடியைப் போட்டு மூன்று தடவை படித்தார். "தம்பி, ஹெல்மெட் போடாதது திருமணத் தடையில வராதுப்பா."

"பின்னாடி இருந்தது யாருன்னு கேளுங்க சாமி. என் தங்கச்சி வாழ்க்கை இது."

அதற்கு மேல் அவரால் தட்ட முடியவில்லை. சாயங்காலம் நாங்கள் எல்லோரும் பங்களாவில் உட்கார்ந்திருந்தோம். செல்வி, அம்மா, சகாயம், துப்புத் துலக்கிய நான்.

"மாப்பிள்ளை, புதன்கிழமை காலையில எங்க இருந்தீக?" என்றேன். வக்கீல் மாதிரி எழுந்து நின்று கேட்டதாக ஞாபகம்.

"லீவு போட்டுட்டு காரைக்குடிக்கு வந்தேன் மச்சான்."

"வண்டியில பின்னாடி யாரு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அத நான் சொல்ல முடியாது."

எனக்கு உள்ளுக்குள் ஒரே வெற்றி முழக்கம். செல்வி முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. "என்கிட்ட மட்டுமாவது சொல்லுங்க" என்றாள். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். அவள் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். ஐயோ, பத்திரிகை முழுக்கக் கொடுத்தாகிவிட்டதே, இந்தப் பெண் இனி என்ன செய்வாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மோதிரத்தப் போடுடி," என்றாள் அம்மா. "பின்னாடி உக்காந்திருந்தது நாந்தான்."

சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"பத்து நாளா நெஞ்ச அடைக்கிற மாதிரி இருந்துச்சு சாமி. இதுககிட்ட சொன்னா கல்யாணத்தத் தள்ளி வச்சிருங்க. அதான் தையக்காரர்கிட்ட போறேன்னு சொல்லிட்டு, மாப்பிள்ளைக்குப் போனப் போட்டேன். அவுகதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாக. யார்கிட்டயும் சொல்லப்புடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கியிருந்தேன்."

அந்தப் புதன்கிழமை அம்மாவைக் காரைக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டவனே நான்தான். "டாக்டர் என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"எக்கோ எடுத்தாக. இருதயம் நல்லாத்தான் இருக்காம். வெறும் வாயுவாம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. நான் கூட்டிட்டுப் போயிருப்பேன்ல?"

"ஒங்கிட்டயா? ரிசல்ட்டு வர்றதுக்கு முன்னாடி நீ நம்ம கல்லல் ரயில் ஸ்டேஷன்ல மைக் வச்சு ஓலை வாசிச்சிருப்பியே!"

அது சுரீரென்று பட்டது. ஆனாலும் அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் சாமியார் முன்னாலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செல்வி மோதிரத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாடா, நான் கெடுக்கப் பார்த்த எதுவும் கெடவில்லை. ஒரு கிழவி கேட்டாள் என்பதற்காகக் கல்யாணமே நின்றாலும் நிற்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷனைத்தான் நான் சந்தேகப்பட்டிருந்தேன். "மாப்பிள்ளை, மன்னிச்சிருங்க" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான். ரெண்டாவது ஹெல்மெட் கொண்டுதான் வந்தேன். அத்தை கொண்டைக்கு அது எறங்கல."

சாமியார் சிரித்த சிரிப்பில் சமையல்காரர் எட்டிப் பார்த்தார்.

மூன்றாவது ஓலை அன்று, "தடை ஏதும் தெரிந்தவர்கள்" என்ற இடத்தில் சாமியார் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைத் தேடினார். கோயிலே சிரித்தது. உபதேசியார் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். விஷயம் எப்படி வெளியே போனது என்று எனக்குத் தெரியாது. (நான் சொல்லவில்லை. அது மட்டும் சத்தியம்.) வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆப்பை அழித்தேன்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. என் தண்டனைதான் இன்னும் முடியவில்லை. வீட்டில் எந்தச் சேதியும் எனக்குக் கடைசியாகத்தான் வருகிறது. போன மாதம் செல்வி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் மூன்று மாதமாக முழுகாமல் இருப்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. அம்மாவுக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும்.

"தாய்மாமன் நான், எனக்கு ஏன் சொல்லல?" என்று பொரிந்து தள்ளினேன்.

அம்மா என் இலையில் இன்னொரு கரண்டிச் சோற்றை வைத்தாள். "புள்ளைக்கு இன்னும் நம்பர் பிளேட்டு மாட்டலடா. மாட்டுனதும் நீயே தட்டிப் பாத்துக்கிருவன்னு விட்டுட்டோம்."