கணினிக்குக் கால் பங்கு விலை

அந்தக் கணினி விளையாட்டில் ஒரு கோபுரம் கட்டி முடிந்தால் மணி அடிக்கும். வெண்கலக் கிண்ணத்தில் கரண்டி பட்டதுபோல் ஒற்றை மணி, அப்புறம் நெடுநேரம் அதன் ரீங்காரம். எத்தனையோ வருஷம் ஆகியும், அடுத்த வீட்டில் கிண்ணம் விழுந்தால்கூட அதை எழுதியவர் திரும்பித் திரையைப் பார்ப்பார்.

அவர் கணினி விளையாட்டு எழுதுபவர். மனைவி துணி தைப்பவள். வீட்டில் ஜன்னல் வைத்த அறை ஒன்றே ஒன்று. அதில் அவருடைய கணினி சக்கரவர்த்தி மாதிரி வீற்றிருந்தது. அவளுடைய தையல் மெஷினோ இருட்டு நடைவழியில் நின்று, போகிற வருகிறவர்களின் முழங்காலைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அறையை அவள் கேட்காத நாளில்லை.

ஒருநாள் அவர் பெருந்தன்மையின் உச்சிக்கு ஏறினார்.

"என் விளையாட்டுல கம்ப்யூட்டரை ஜெயிச்சிடு. ரூம் உனக்கு."

"எப்படி ஜெயிக்கிறது?"

"மரம் வெட்டணும், கல் உடைக்கணும், படை சேக்கணும். மூணு கோபுரம் யார் கையில இருக்கோ அவங்க ஜெயிச்சாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தைத்த துணிகளைக் கொடுக்க அவள் வெளியே போன நேரத்தில் அவர் கைவரிசையைக் காட்டினார். அதுவரை கோபுரத்துக்கு எல்லாருக்கும் ஒரே விலை. இப்போது மனிதர் கட்டினால் நாலு மடங்கு கல், கணினி கட்டினால் கால் பங்கு. மனசாட்சி லேசாக இருமியது. கணினிக்கு மூளை கம்மி, கைகொடுப்பது தர்மம்தானே என்று சமாதானம் சொல்லி அதை உட்காரவைத்தார்.

அவள் வந்து ஆட உட்கார்ந்தாள்.

"ஏங்க, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு கல் கேக்குது?"

"அது ஸ்பெஷல் கட்டடம்மா. மனுஷங்க கெட்டிக்காரங்க, அதனால விலை கூட. கம்ப்யூட்டர் பாவம், அதுக்குச் சலுகை. இதைத்தான் நாங்க சமநிலைன்னு சொல்வோம்."

"எவ்வளவு சலுகை?"

"கொஞ்சம்."

மணி அடித்தது. கணினியின் முதல் கோபுரம். அவர் தேநீருக்குள் சிரித்துக்கொண்டார். அவள் குதிரைப்படை சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கோபுரம் கட்டலையா?"

"கட்டுப்படியாகாதுங்க."

இரண்டாவது மணி.

"அதுக்கு இன்னும் ஒண்ணுதான் பாக்கி," என்றார் பரிதாபமாக.

"தெரியுது. ஆனா அங்க ஒரு காவலாளிகூட இல்லையே?"

எட்டிப் பார்த்தார். இல்லை. விலை மலிந்த சந்தோஷத்தில் கணினி தன் சிப்பாய்களையும் சேர்த்துக் கல் சுமக்க அனுப்பியிருந்தது.

"உங்களை மாதிரியேதாங்க. தள்ளுபடின்னு மூணு குடை வாங்கிட்டு, விரிக்கக் கை இல்லாம நனைஞ்சுகிட்டு வந்தீங்களே."

குதிரைகள் புறப்பட்டன. இரண்டு கோபுரங்களிலும் கொடியின் நிறம் மாறியது. கணினி அசரவில்லை, மூன்றாவதைக் கட்டியது. மணி அடித்து ஓய்வதற்குள் அதையும் பிடித்தாள்.

கட்டுவதற்குத்தான் அவர் விலை வைத்திருந்தார். பிடிப்பதற்கு வைக்கவில்லை.

"இது செல்லாது. விதியில ஓட்டை இருக்கு."

"அடைச்சுட்டு வாங்க, மறுபடி ஆடலாம். அதுவரைக்கும் மெஷின் ஜன்னல் பக்கம் இருக்கட்டும்."

அவருக்கு அது நியாயமாகவே பட்டது. மெஷினின் மறுமுனையைத் தூக்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

அந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை. விலையைக் கூட்டினால் கணினி கோபுரமே கட்டுவதில்லை, குறைத்தால் வேறெதுவும் செய்வதில்லை. அவர் இப்போது மாடிப்படிக்குக் கீழே, தலையைக் குனிந்தபடி வேலை பார்க்கிறார்.