துப்புரவு ஆலோசகர்

குப்பை அறையின் நாற்றம் இரண்டாம் மாடிக்கு ஏறி, குடியிருப்புச் சங்கச் செயலாளர் வீட்டு அழைப்புமணியை அடிக்காத குறையாக நின்றது. சனிக்கிழமை அவர் வீட்டை விலைபேச ஆள் வருகிறது. வருகிறவருக்கு மூக்கு இல்லாமலிருந்தால் நல்லது. இல்லையென்றால் மகளின் கல்லூரிக் கட்டணம் அம்போ.

தன்மேல் தப்பில்லை என்றே அவர் நினைத்தார். குடியிருப்பைக் கூட்டுகிறவள் சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டாள். அவரும் நியாயமாகத்தான் பதில் சொன்னார்.

"கூட்டுற வேலை உடம்புக்கு நல்லதும்மா. ஜிம்முக்குப் போனா நாமதான் காசு கட்டணும். இங்க உனக்கு நாங்க குடுக்கிறோம். இதுக்கு மேல வாய் திறந்து கேட்கலாமா?"

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனவள்தான்.

ஒரு துப்புரவு நிறுவனத்துக்குச் சொல்லியனுப்பினார். டை கட்டிய மேற்பார்வையாளர் வந்து குப்பையைப் பல கோணங்களில் படமெடுத்தார்.

"அள்ளுறது எப்போ?"

"நாங்க மேற்பார்வை மட்டும்தான் சார். நீங்க ஆள் போட்டு அள்ளுங்க, பார்த்துக்கிறோம்."

குப்பை போகவில்லை. பில் வந்தது.

சங்கம் கூடிற்று. இதற்கெல்லாம் தலைமேல் ஒரு தலை வேண்டும், 'துப்புரவு ஆலோசகர்' என்று பதவி போடலாம் என முடிவாயிற்று. பெரிய பதவிக்குச் சின்னச் சம்பளம் கொடுத்தால் எவன் மதிப்பான்? கூட்டுகிறவளுக்குக் கொடுத்ததைப்போல் மும்மடங்கு வைத்தார்கள்.

நேர்காணலுக்கு ஒரே ஒருவர் வந்தார். கையில் ஃபைல், மூக்கில் கண்ணாடி. எழுந்து நின்று வணக்கம் சொன்ன பிறகுதான் செயலாளர் அந்த முகத்தைப் பார்த்தார். அவளேதான்.

"அனுபவம்?" என்றார் பொருளாளர், தலை நிமிராமல்.

"இதே கட்டடத்துல பன்னிரண்டு வருஷம்."

"இதைவிட என்னய்யா வேணும்?" பொருளாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை. ஆலோசகர் முன்கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

"வீடு பார்க்க வந்துடுவாங்க. கொஞ்சம் அள்ளிடும்மா... அள்ளிடுங்க மேடம்."

"நான் ஆலோசனைதான் சார் சொல்லணும். சொல்றேன், எழுதிக்குங்க. உடனே அள்ளணும்."

செயலாளர் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தார். அள்ளினார், கொட்டினார், படிக்கட்டைக் கழுவினார். கடைசிப் படியில் குனிந்திருந்தபோது வீடு பார்க்க வந்தவர் அவரைத் தாண்டி உள்ளே போய், மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார்.

"இடம் பளிச்சுனு இருக்கே! மேடம், இந்தாளுக்கு மாசம் என்ன குடுக்கிறீங்க?"

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாங்க எங்க சார் குடுக்கிறோம்? உடம்புக்கு நல்லதாச்சேன்னு, மாசாமாசம் அவர்தான் எங்களுக்குக் கட்டுறார்."