கடிகாரம் இல்லாத அறையும் ஒத்தக்கடை மாமாவும்

கல்வெட்டு படிக்கத் தெரிந்த எனக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது என்று என் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் இதைச் சொல்லிவிட்டுத்தான் காபியே கொடுப்பார்கள். நடந்தது அப்படி.

எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரைக்கு மேற்கே ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். பழைய கல்வெட்டுகளுக்குத் தேதி கணிப்பது என் வேலை. கல்வெட்டில் திங்கட்கிழமை என்று வெட்டியிருந்தால், அது எந்த ஆண்டின் எந்தத் திங்கட்கிழமை என்று கணக்குப் போட வேண்டும். கிழமை பொருந்திவிட்டது என்று துள்ளக் கூடாது. திங்கட்கிழமை வாராவாரம் வரும். திதியும் நட்சத்திரமும் சேர்ந்து பொருந்த வேண்டும். எம்.ஏ. பிள்ளைகளுக்கு இதை விரலை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்தியவன் நான். (அந்த விரலை நினைத்தால் இன்றைக்கும் ஒடித்துப் போடலாம் போலிருக்கிறது.)

விடுதியில் என் அறைத் தோழன் தங்கராசு, விலங்கியல். குகைக்குள் தொங்கும் வௌவாலுக்கு வெளியே பகலா இரவா என்று எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பேராசிரியர் ஒரு நாள், "வௌவால் போதும், மனுஷனை வச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டார். அதற்கென்று தரைக்குக் கீழே ஓர் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. கடிகாரம், ரேடியோ, பேப்பர் எதுவும் கூடாது. உள்ளே இருப்பவன் தானே சமைத்துச் சாப்பிட வேண்டும். தூங்கப் போகும்போது ஒரு பொத்தான், விழித்தால் ஒரு பொத்தான். கதவுக்குப் பூட்டு இல்லை, கொண்டி மட்டும்தான். ஆனால் பாதியில் திறந்தால் மொத்த ஆராய்ச்சியும் பாழ்.

"மாப்ள, நீதான்டா சரியான ஆளு. ஒனக்கு வெளிய என்ன சோலி இருக்கு?" என்றான்.

எனக்குச் சோலி இருந்தது. ஒத்தக்கடையில் உரக்கடை வைத்திருந்த ஒருவரின் மகளைப் பெண் பார்க்க நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் வந்த இரண்டு இடங்கள், 'ஆராய்ச்சின்னா அது என்ன வேலை?' என்ற கேள்வியிலேயே முறிந்துபோயிருந்தன. இந்தப் பெண்ணின் போட்டோவை நான் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற முகம். அந்தச் சிரிப்பு வெளியே வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் சாகக் கூடாது என்றிருந்தேன். பெண்ணின் அப்பாவோ கறாரான ஆள். "சொன்ன நாள்ல வந்துரணும். இல்லைன்னா மேலூர் லாரிக்காரரு மகனுக்குப் பேசி முடிச்சிருவேன்" என்று என் அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

தங்கராசு கணக்குச் சொன்னான். இந்தச் சனிக்கிழமை உள்ளே போனால், அடுத்த வாரம் தாண்டி அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வெளியே வந்துவிடலாம். பெண் பார்ப்பது அதற்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை. நடுவில் முகம் மழிக்க ஒரு நாள் முழுசாக இருக்கிறது. நம்பி இறங்கினேன்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. சமைத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன், எழுந்தேன். எழுந்தால் காலை, எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான். எழும்போதெல்லாம் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். கோடுகளை எண்ணினால், வெளியே வர வேண்டிய வெள்ளிக்கிழமை வந்துவிட்டிருந்தது. தங்கராசு வரவில்லை.

இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு பெட்டி. அதில் சீட்டு எழுதிப் போடலாம். "மாப்ள, வெள்ளிக்கிழமை ஆயிருச்சா?" என்று போட்டேன். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: "சொல்லப்புடாது. பருப்பு போதுமா?"

மறுபடி தூங்கி எழுந்தேன், சனிக்கிழமை. அரிசிப் பானையில் பாதி அரிசி அப்படியே இருந்தது. கவலையில் சரியாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று என்மேலேயே இரக்கப்பட்டேன். தாடியைத் தடவிப் பார்த்தேன். (என் தாடி வளர்ந்தாலும் வளராவிட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.) அடுத்த தடவை கண் விழித்ததும் இன்னொரு கோடு போட்டு எண்ணினேன். இன்றைக்கு ஞாயிறு! இந்நேரம் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து நேரே ஒத்தக்கடை போய், மாப்பிள்ளை எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். வௌவால்காரன் என்னைப் பலி கொடுத்துவிட்டான்.

"ஒத்தக்கடை போறேன். துரோகி!" என்று எழுதிப் போட்டுவிட்டுக் கொண்டியைத் திறந்தேன். வெளியே வெயிலில் கண் கூசியது. துறையில் ஈ காக்கை இல்லை. ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றினேன். கைலி, மாறிப் பொத்தான் போட்ட சட்டை, காலில் செருப்பில்லை.

"அண்ணே, இன்னைக்கு என்ன கெழம?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம. எங்க, உள்ள இருந்துட்டு வாரீகளா?"

என் கணக்கு சரி என்றதும் இருந்த கொஞ்சம் உயிரும் போனது. பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி மேலூர் ரோட்டு பஸ்ஸைப் பிடித்தேன். ஒத்தக்கடையை ஒட்டி நிற்கும் யானைமலை நெருங்க நெருங்க எனக்கு அழுகை முட்டியது. இன்னொருவனைக் கட்டிக்கொள்ளப் போகிற ஒருத்தியின் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உரக்கடைக்காரர் வீடு எது என்று விசாரித்துப் போனேன். வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. எல்லாரும் போய்விட்டார்கள். முன்கூடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அதே முகம். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். எனக்காக ஒருத்தி அழுகிறாள்! எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. (மடியருகே அரிவாள்மணையும் ஒரு தட்டு நிறைய வெங்காயமும் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.)

அவள் அப்பா பனியனோடு உள்ளேயிருந்து வந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"மாமா, மன்னிச்சிருங்க. வரக்கூடாதுன்னு இல்ல. என்னைய உள்ள வச்சுட்டாய்ங்க."

"உள்ளயா? எந்த ஸ்டேசன்ல?"

"ஸ்டேசன் இல்ல மாமா, யுனிவர்சிட்டில. ஜன்னல் இல்லாத ரூம்பு. வௌவாலுக்குப் பதிலா என்னைய…"

அவர் பின்வாங்கி, கண்ணால் ஒரு கம்பைத் தேடினார். அதற்குள் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, இவரு போட்டோல இருக்கிறவரு." பிறகு என்னிடம், "நீங்க வர வேண்டியது அடுத்த ஞாயித்துக்கெழமைங்க" என்றாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமதானே?"

"கெழம சரிதாங்க. வாரந்தான் தப்பு."

சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் காட்டினாள். தேதிக்குக் கீழே தேய்பிறை என்று போட்டிருந்தது. தேய்பிறையில் எவனாவது பெண் பார்க்க வருவானா? கிழமையை மட்டும் பார்த்துத் துள்ளாதே என்று ஊருக்கெல்லாம் விரலை ஆட்டியவன், கிழமையை மட்டும் பார்த்துவிட்டு மதுரையைக் குறுக்கே கடந்து வந்து நிற்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத் தங்கராசு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். என்னைத் திட்டவில்லை. "கடைசியா எப்பத் தூங்குன?" என்றுதான் கேட்டான். கையில் பொத்தான் பதிவுக் காகிதம். "நெனச்சேன்டா மாப்ள. மத்தியானம் சாப்ட்டுத் தூங்குனதையும் ஒவ்வொரு ராத்திரின்னு எண்ணியிருக்க. ஒரே வாரத்துல ரெண்டு வாரம் வாழ்ந்துட்ட!"

பெரியவரின் முகம் மாறியது. "அப்ப மாப்பிள்ளை தெனமும் மத்தியானம் படுத்துத் தூங்குற ஆளு?"

லாரிக்காரர் மகன் என் கண்முன்னே மாலையும் கழுத்துமாக நின்றான். செத்தேன் என்று நினைத்தபோது அந்தப் பெண் சிரித்துவிட்டாள். போட்டோவில் அடக்கி வைத்திருந்த அதே சிரிப்பு, அடக்க முடியாமல், அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கறி எடுத்திருக்கு. ரெண்டு பேரும் இருந்து சாப்ட்டுப் போங்க" என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியை எந்தப் பொத்தானை அழுத்தியும் பதிவு செய்திருக்க முடியாது. பாவம் தங்கராசுதான் பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அடுத்து வேறு ஆள் கிடைக்காமல் தானே அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தான். நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன், செருப்புப் போட்டுக்கொண்டு. லாரிக்காரர் மகனைப் பற்றி அந்த வீட்டில் பிறகு யாரும் பேசவில்லை.

போன மாதம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வருவதாக மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றார்கள். என் மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு மரியாதையாகக் கேட்டாள்:

"எந்த ஞாயித்துக்கெழமைங்க?"